கருவி ஏழு என்றது

அடான் செர்னா நாற்காலியில் உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டதுதான். யாரும் அவனைச் சுருட்டச் சொல்லவில்லை.

காலை எட்டு பத்து. என் கையில் பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய பரிட்டோ ரொட்டி பாதி மீதமிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வீடியோ ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது என் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பது இன்னொரு வேலை. என் சம்பளத்தில் பாதி அதற்குத்தான் என்று ஒஃபீலியா குருலே சொல்வார். அந்தப் பாதிக்கு நெஸ்டர் சாயிஸ் ஆகிய நான் இன்றுவரை நியாயம் செய்ததில்லை.

ஒஃபீலியா இருபத்திரண்டு வருடம் அல்புகர்க்கி நகரப் போலீசுக்காகப் பொய் கண்டறியும் கருவியோடு உட்கார்ந்திருந்தவர். இப்போது எதிர்த்தரப்புக்கு உட்காருகிறார். வழக்கில் மாட்டியவனை அவனுடைய வக்கீலே ரகசியமாக எங்களிடம் அனுப்புவார். தேறினால் அந்தக் காகிதம் அரசு வக்கீலின் மேசைக்குப் போகும். தேறாவிட்டால் வக்கீலின் அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உலகத்துக்குத் தெரியாது. ஆக, கோர்ட்டில் நீங்கள் பார்ப்பதெல்லாம் தேறியவர்களின் காகிதம் மட்டுமே. எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு அந்த அலமாரிகளை நம்பித்தான் ஓடுகிறது.

ஆனால் அடானை அனுப்பியது வக்கீல் இல்லை. அவன் அக்கா எல்வீரா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஓட்டத்தை வேறு ஒருத்தியிடம் தள்ளிவிட்டு, மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"மத்தியானம் ஒன்றரைக்குக் கோர்ட்டு மேடம். குத்தத்தை ஒத்துக்கப் போறானாம். பதினஞ்சு வருஷம். என் தம்பி செய்யல. செஞ்சிருந்தா அவன் மூஞ்சியைப் பாத்தே சொல்லிருவேன். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான். மெஷின் சொன்னாக் கேப்பான்."

"வக்கீலுக்குத் தெரியுமா?" என்றார் ஒஃபீலியா.

"தெரியாது. தெரிஞ்சா விட மாட்டாரு."

வக்கீல் இல்லாமல் யாரையும் உட்காரவைப்பதில்லை என்று ஒஃபீலியா ஒரு விதி வைத்திருந்தார். அன்று ஏனோ அந்த மஞ்சள் ஜாக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே வரச் சொன்னார்.

வழக்கு இதுதான். அடானும் கிளெட்டோ அனாயாவும் கூட்டாளிகள். வீட்டுக் கூரைகளில் ஏர்கூலர் மாட்டுகிறவர்கள். குளிர்காலத்தில் இந்த ஊரில் எந்தக் கூலரும் ஓடாது, அதனால் வேலையும் இருக்காது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளெட்டோ வீட்டுக் கொல்லையில் இருவரும் குடித்தார்கள். ஞாயிறு காலை கிளெட்டோ மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் அடானுடைய பைப் ரிஞ்சு, குழாய் திருகும் கனத்த இரும்பு. தெருவில் நின்ற பிக்கப் வண்டிக்குள் அடான் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பூட்ஸில் ரத்தம். இரவு ஒன்பதுக்கு மேல் விடியும்வரை நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்ற பதிலை எந்த ஊர்ப் போலீசும் ரசித்துக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி சோதனைக்கு உட்கார்ந்திருக்கியா?" என்று ஒஃபீலியா உள்ளே கேட்டார்.

"இல்ல மேடம்."

அவர் சுருட்டிய சட்டைக் கையைப் பார்த்தார். ரத்த அழுத்தம் அளக்கும் கைப்பட்டையை அங்கேயே கட்டினார். நெஞ்சைச் சுற்றிக் குழாய், விரல் நுனியில் தகடு. அடான் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கத் தொடங்கினான். கணுக்காலில் கோர்ட்டு மாட்டிவிட்ட கண்காணிப்புப் பட்டையில் பச்சை விளக்கு மினுக்கியது.

முதலில் எண் சோதனை. ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண்ணை எழுதி மடித்து வைக்கச் சொன்னார். "எந்த எண்ணைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. எதுல பொய் சொல்றேன்னு மெஷின் பாக்கட்டும். விடையை அப்புறம் சொல்றேன்." மடித்த காகிதத்தைத் தன் காபிக் கோப்பைக்கு அடியில் செருகிவைத்தார். ஒன்பது எண்ணுக்கும் அவன் ஒன்பது முறை இல்லை என்றான்.

பிறகு நிஜமான கேள்விகள். எல்லாவற்றையும் முன்கூட்டியே அவனுக்குப் படித்துக்காட்டியாகிவிட்டது. இந்தத் தொழிலில் கேள்வி திடீரென்று பாயக் கூடாது. மூன்று சுற்று.

"கிளெட்டோ தலையில அந்த ரிஞ்சால அடிச்சது நீயா?"

"இல்ல."

மூன்று முறையும் திரையில் கோடு கிளம்பிய வேகத்தைப் பார்த்து நான் பரிட்டோவைக் கீழே வைத்துவிட்டேன்.

பட்டைகளைக் கழற்றும்போது அடான் தலையைத் தூக்கினான். முப்பத்தொரு வயது, வெயிலில் கறுத்த கழுத்து. தூக்கம் இல்லாத கண்.

"மேடம், நான்தானா?" என்று கேட்டான்.

ஒஃபீலியாவின் விரல் கொக்கியிலேயே நின்றது. "இங்கயே இரு. தண்ணி குடி," என்று சொல்லிவிட்டு என் பக்கம் வந்து கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு பாஸ்?"

"மைனஸ் பதினொண்ணு."

"மைனஸ்ல ஆறு தாண்டினாலே பொய், பிளஸ்ல தாண்டினா நிஜம்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப மஞ்சள் ஜாக்கெட்டுக்கு யார் சொல்றது? நான் சொல்ல மாட்டேன். என் சம்பளத்துல அது இல்ல."

ஒஃபீலியா பையிலிருந்து பைன் கொட்டையை எடுத்து உடைத்து வாயில் போட்டார். யோசிக்கும்போது அவர் அதைத்தான் செய்வார். தொடர்ந்து ஓட்டைத் துப்புவார். அவர் துப்பிய ஓடுகளைக் கூட்டிப் பெருக்குவதும் என் வேலைதான்.

"நெஸ்டர், அந்த நாற்காலியில எத்தனை பேர் உட்கார்ந்து பாத்திருக்க?"

"நாலு வருஷமாப் பாக்கறேன். நூத்தம்பது இருக்கும்."

"முடிஞ்சதும் என்ன கேப்பாங்க?"

"பாஸா ஃபெயிலான்னு கேப்பாங்க. சில பேரு பாத்ரூம் எங்கன்னு கேப்பாங்க."

"இவன் என்ன கேட்டான்?"

நான் வீடியோவைப் பின்னால் ஓட்டினேன். நான்தானா. இன்னொரு முறை ஓட்டினேன். குரலில் நடிப்பு இல்லை. டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டிருந்தான்.

"பொய் சொல்றவனுக்குத் தான் செஞ்சது தெரியும். அவனுக்கு வேண்டியது மெஷின் கண்டுபிடிச்சிருச்சாங்கறது மட்டும்தான்," என்றார் ஒஃபீலியா. "இவன் மெஷின்கிட்ட சேதி கேக்கறான். அதுவும் இல்லாம, முதல் தடவை உட்கார்றவன் எவனும் தானா சட்டையைச் சுருட்ட மாட்டான். எந்தக் கையின்னுகூட அவனுக்குத் தெரியாது."

"முன்னாடியே யாரோ இவனுக்குச் சோதனை பண்ணியிருக்காங்க. அதை மறைக்கறான்."

"மறைக்கச் சொல்லியிருக்காங்க. வா."

உள்ளே போனோம். ஒஃபீலியா அவன் எதிரில் உட்கார்ந்து, ரொம்பச் சாதாரணமாகப் பேசினார்.

"அந்த எண் விஷயம் பாக்கி இருக்கு இல்ல? மெஷின் நீ எழுதினது ஏழுன்னு சொல்லுது."

அடான் நெற்றியைச் சுருக்கினான். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான்.

"நான் மூணுன்னுல்ல நெனச்சேன்," என்றான்.

"மெஷின்ல ஏழுக்குத்தான் எகிறியிருக்கு."

"அப்ப ஏழாத்தான் இருக்கும் மேடம்."

ஒஃபீலியா கோப்பையைத் தூக்கினார். நான் காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். பென்சிலால், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, மூன்று என்று எழுதியிருந்தது. ஏழு என்பது ஒஃபீலியா வேண்டுமென்றே சொன்னது. எழுதி ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"தம்பி," என்றார் ஒஃபீலியா. அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "முதல் சோதனை எப்போ?"

அவன் வாசலைப் பார்த்தான். "அக்காவுக்குத் தெரியக் கூடாது."

"சொல்லு."

"மார்ச்சுல. வக்கீல் டீட்ஸ்தான் கூட்டிட்டுப் போனாரு. நான் அப்ப நல்லாத் தைரியமாத்தான் உட்கார்ந்தேன் மேடம். நான் செய்யலன்னு அவ்வளவு உறுதியா இருந்தேன். மறுநாள் டீட்ஸ் வீட்டுக்கு வந்தாரு. கார்லயே வெச்சு சொன்னாரு, படுமோசமாத் தோத்துட்டேன்னு. இனிமே இதை யார்கிட்டயும் மூச்சுவிடாதன்னாரு. அதுக்கப்புறம் ராத்திரி கண்ணை மூடினா ரிஞ்சு என் கையில இருக்கு. கிளெட்டோ என்னைப் பாக்கறான். முன்னாடி அப்படி எதுவும் வந்ததில்ல. இப்ப தெனமும் வருது."

"அந்தக் காகிதத்தைக் கண்ணால பாத்தியா?"

"வக்கீல் சொன்னாரே."

"பாத்தியா?"

"இல்ல."

சோதித்தவர் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. டீட்ஸ் காரில் அழைத்துப்போய், காரிலேயே திருப்பிக்கொண்டுவந்து விட்டிருக்கிறார். தெருகூட ஞாபகமில்லை. இந்த ஊரில் கருவி வைத்திருப்பவர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கதவைத் தட்டினால் ஒன்றரை மணிக் கோர்ட்டு தாண்டிப்போகும்.

"எண் சோதனை பண்ணாரா?" என்று ஒஃபீலியா கேட்டார்.

"எண் இல்ல மேடம். சீட்டுக்கட்டு. ஏழு சீட்டை விரிச்சு ஒண்ணை மனசுல வெச்சுக்கச் சொன்னாரு. நான் டைமண்ட் ராணியை வெச்சேன்."

"சீட்டுல ஓட்டை இருந்துச்சா? நட்டநடுவுல?"

அடான் அவரை அதிசயமாகப் பார்த்தான். "ஆமா. ராணி வயித்துல ஓட்டை."

ஒஃபீலியா எழுந்து கார்ச் சாவியை என்மேல் எறிந்தார். "சூதாட்ட விடுதியில பழசானதும் ஓட்டை போட்டு விக்கற கட்டு. ஒரு டாலர். அதை வாங்கி வெச்சுக்கிட்டு இந்தத் தொழிலைப் பண்ற கஞ்சன் ஒருத்தர்தான். எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு."

*

டெல்பர்ட் ஹோக்கின் அறை, வடக்கு நாலாம் தெருவில் சைலன்சர் கடை ஒன்றின் பின்புறம் இருந்தது. வழி முழுக்க எல்வீரா பின்சீட்டில் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தாள். பேருந்து ஓட்டுகிறவள் என்பதால் என் ஓட்டுதலைப் பற்றியும் இரண்டு முறை அபிப்பிராயம் சொன்னாள். இலவ மரத்துப் பஞ்சு மாதிரி ஏதோ மரப்பஞ்சு தெரு முழுக்கப் பறந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வந்தது. மே மாதம் என்றால் இந்த ஊர் அப்படித்தான்.

அவர்களை வண்டியில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போனோம். ஹோக்குக்கு எழுபது தாண்டியிருக்கும். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பக்கத்தில் சக்கரம் வைத்த உருளை.

"ஒஃபீலியா. இன்னும் அந்தக் கொட்டையைத் தின்னுக்கிட்டுதான் இருக்கியா?"

"நீங்க இன்னும் ஓட்டைச் சீட்டுதான் வாங்கறீங்க போல."

"நல்ல சீட்டு என்ன விலை தெரியுமா இப்ப?"

"மார்ச்சுல டீட்ஸ் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு. அடான் செர்னா. அந்தக் காகிதம் வேணும்."

ஹோக் தலையை ஆட்டினார். "டீட்ஸ் கேட்டா டீட்ஸுக்குக் குடுப்பேன். உனக்கு இந்த விதி நல்லாத் தெரியும். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ரகசியம் யாரோடது? வக்கீலோடதா, மாட்டிக்கிட்டவனோடதா?"

உருளை உஸ் உஸ் என்றது.

"அவனோடது. அவன் வெளிய வண்டியில இருக்கான். கையெழுத்துப் போடக் கையும் இருக்கு," என்றார் ஒஃபீலியா.

"கால்ல கோர்ட்டுப் பட்டை இருக்கு," என்றேன் நான். "அதனால ஓடிப்போயிருவானோன்னும் பயப்பட வேண்டாம்."

"இது யாரு?"

"வாயை மூடறதுக்குச் சம்பளம் வாங்கறவன்," என்றார் ஒஃபீலியா.

நான் போய் அழைத்துவந்தேன். அடான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்குள் வருவது போல வந்தான். பின்னால் எல்வீரா. தோற்ற காகிதத்தை அக்கா முன்னால் படிக்கப் போகிறார்கள் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

ஹோக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"டைமண்ட் ராணி," என்றார். "இந்த ஆளு இன்னுமா வழக்குல இருக்கான்? டீட்ஸ் என்னதான் பண்ணிக்கிட்டு இருக்காரு?"

"பிளஸ் பதினாலு," என்றார் ஹோக், மேசை இழுப்பறையைத் திறந்துகொண்டே. "இந்த வருஷத்துல நான் பாத்த ரொம்பச் சுத்தமான கோடு. அன்னைக்கே போன்ல டீட்ஸ்கிட்ட சொன்னேன். உங்க ஆளு கை வைக்கலன்னேன். காகிதத்தையும் அனுப்பிட்டேன்."

எல்வீரா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதாள், வாய்விட்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சைலன்சரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடான் அழவில்லை. காகிதத்தை வாங்கி, பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் படித்தான். இரண்டாவது முறையும் படித்தான்.

"இது வேற யாரோடதோ," என்றான்.

"உன் பேருதானே போட்டிருக்கு?" என்றேன்.

"பேரு தப்பா ஒட்டியிருக்கலாம்." அவன் ஒஃபீலியாவைப் பார்த்தான். "இன்னைக்கு நீங்க பண்ணினது என்ன ஆச்சு மேடம்? அதை நீங்க இன்னும் சொல்லலையே."

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லிவிடுங்கள் பாஸ் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இந்தத் தொழிலில் ஒரே ஒரு பொய்தானே.

"தோத்துட்ட," என்றார் ஒஃபீலியா. "மைனஸ் பதினொண்ணு."

"பாத்தீங்களா. அதுதான் கடைசியாப் பண்ணினது. அதுதான் சரி."

"அது உன் பயம். மார்ச்சுல உனக்குப் பயமில்ல, கோடு படுத்துக் கெடந்துச்சு. நடுவுல ஒருத்தன் நீதான் கொன்னன்னு உன்கிட்ட சொல்லிட்டான். ரெண்டு மாசம் நீ அதோடவே படுத்து எழுந்திருச்ச. இன்னைக்கு மெஷின் அதைத்தான் படிச்சுது. நான் அளந்தது டீட்ஸ் சொன்ன பொய்யை, தம்பி. உன்னோடதை இல்ல."

"மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டான் அடான்.

ஒஃபீலியா ஹோக்கைப் பார்த்தார். ஹோக் தன் குழாயைச் சரிசெய்வது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

*

கோர்ட்டுக்குப் போகும் வழியில் நான் அதைச் சொல்லித்தான் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் விட்டிருந்த தன் பிக்கப்பை வழியில் எடுத்துக்கொண்டு, எல்வீரா அடானோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"பாஸ், இந்த ஊர் கோர்ட்டுல மெஷின் காகிதம் சாட்சியமா ஏறும். பிளஸ் பதினாலை ஏத்தலாம். ஆனா ஒண்ணை ஏத்தினா அவன் உட்கார்ந்த எல்லாத்தையும் காட்டணும். உங்களோடதையும்."

"தெரியும்."

"இன்னைக்குக் காலையில என் பரிட்டோ கம்ப்யூட்டர் மேல கொட்டிருச்சு. எல்லாம் அழிஞ்சுபோச்சு. நடக்கறதுதானே?"

"ஓட்டு நெஸ்டர்."

"அரசு வக்கீல் அந்த மைனஸ் பதினொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு ஜூரி முன்னாடி நடப்பாங்க. செர்னாவோட அக்காவே காசு குடுத்துப் பண்ணின சோதனைன்னு சொல்லுவாங்க. அந்தப் பையனை நீங்களே உள்ள தள்றீங்க."

"அழிச்சா டீட்ஸ் பண்ணினதையே நானும் பண்றேன்." வாயிலிருந்த ஓட்டைத் துப்பாமல் கையிலேயே எடுத்துவைத்துக்கொண்டார். "நான் கூண்டுல ஏறுவேன். நான் எடுத்த கோடு எதுக்கும் ஆகாதுன்னு நானே சொல்லுவேன். நம்பவெச்சா உண்மையும் பொய் மாதிரி எகிறும்னு சொல்லுவேன்."

"அதுக்கப்புறம் அந்த நாற்காலியில எவன் வந்து உட்காருவான்?"

"எவனும் வர மாட்டான்."

"போலீசுக்காக நீங்க சாட்சி சொன்ன கேசுங்க என்ன ஆகும்?"

நாலாம் தெரு முடிந்து லோமாஸ் சாலைக்குத் திரும்பிவிட்டோம்.

"அதைத்தான் யோசிக்கறேன்," என்றார். "எத்தனை பேர் இந்த மாதிரி ஏழுன்னு ஒத்துக்கிட்டாங்களோன்னு."

நான் அதற்கு மேல் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

வாரன் டீட்ஸ் இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில், வழக்குக் கோப்பைத் தொடையில் தட்டிக்கொண்டு நின்றார். நல்ல கோட்டு, நல்ல டை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஹோக்கின் காகிதத்தை ஒஃபீலியா நீட்டியதும் அவர் வாங்கக்கூட இல்லை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளி வாங்க," என்றார் தணிந்த குரலில். "பூட்ஸ்ல ரத்தம். அவனோட ரிஞ்சு. அவனுக்கு ஞாபகமில்ல. ஜூரி மெஷினைப் பாக்காது, பூட்ஸைப் பாக்கும். விசாரணைக்குப் போனா முப்பது வருஷம். பதினஞ்சுக்குப் பேசி வெச்சேன். கழுதை ஒத்துக்க மாட்டேன்னு நின்னான். தேறிட்டன்னு சொல்லியிருந்தா இன்னும் முறுக்கிக்கிட்டு நின்னிருப்பான். நான் அவனுக்குப் பதினஞ்சு வருஷத்தை மிச்சம் பண்ணிக் குடுத்தேன் மேடம்."

"அவன் தெனம் ராத்திரி கிளெட்டோவைக் கொல்றான். தெரியுமா?" என்றார் ஒஃபீலியா.

"என்கிட்ட அறுபத்தெட்டுக் கேசு இருக்கு."

எனக்கு அந்த ஆளை அங்கேயே நாலு அறை விடத் தோன்றியது. அதில் பொய் என்ன இருக்கிறது. ஆனால் அவர் முகத்தில் வில்லத்தனம் எதுவும் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. மனிதர் நிஜமாகவே நல்லது செய்ததாக நம்பிக்கொண்டிருந்தார்.

"செர்னா வழக்கு," என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். மணி ஒன்று முப்பத்திரண்டு.

கதவருகே ஒஃபீலியா அடானை நிறுத்தினார். அவன் முகம் காலையில் இருந்தது போலவே இருந்தது. தீர்மானம் மாறவில்லை. "உங்க மேல கோபமில்ல மேடம்," என்றான். "ஆனா கிளெட்டோ அம்மா முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு ஒரு பதில் வேணும்ல. நான் இல்லன்னா வேற யாரு சொல்லுவா?"

"உன்கிட்ட எதையும் நம்பச் சொல்லல," என்றார் ஒஃபீலியா. "ஹோக்கை நம்ப வேண்டாம். என்னை நம்ப வேண்டாம். மெஷினை நம்பவே வேண்டாம். இதை மட்டும் வெச்சுக்க." மடித்த சின்னக் காகிதம் ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினார். அவன் கேள்வி கேட்பதற்குள் காவலர் அவனை உள்ளே அழைத்துப்போய்விட்டார்.

நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எல்வீரா என் தோள்பட்டையைப் பிடித்த பிடியில் சட்டை கசங்கியது. நீதிபதி பாதி நரைத்த ஒல்லி மனிதர். ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிற கேள்விகளை ஒரே ராகத்தில் கேட்டுக்கொண்டுபோனார். படிக்கத் தெரியுமா. இன்று மருந்தோ மதுவோ எடுத்திருக்கிறாயா. ஜூரி விசாரணை உரிமையை இழப்பது புரிகிறதா. அடான் ஒவ்வொன்றுக்கும் சரியாகத் தலையாட்டி, வாயாலும் சொன்னான். டீட்ஸ் பக்கத்தில் நின்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாராவது உன்னை மிரட்டினாங்களா, ஆசை காட்டினாங்களா?"

"இல்லைங்க ஐயா."

"குத்தம் செஞ்சதாலதான் ஒத்துக்கற. வேற காரணம் எதுவும் இல்ல. சரிதானே?"

இந்த இடத்தில் சரி என்ற ஒரு சொல் போதும். அத்தோடு பதினைந்து வருடம். அடான் வாயைத் திறந்தான். பிறகு குனிந்து கையைப் பிரித்தான். காகிதத்தை மேசையில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் நீவினான். அவன் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தோள் ஏறி இறங்கியது.

"மிஸ்டர் செர்னா?"

அடான் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மிஸ்டர் செர்னா, கேள்வி புரிஞ்சுதா?"

"ஐயா," என்றான் அடான், "நான் எழுதினது மூணு."

டீட்ஸ் அவன் முழங்கையைப் பிடித்தார். அடான் கையை விடுவித்துக்கொண்டான், மெதுவாகத்தான்.

"என்ன சொல்ற?" என்றார் நீதிபதி.

"மூணுங்க ஐயா. என் கையாலதான் எழுதினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஏழுன்னு சொன்னாங்க, நான் சரின்னுட்டேன்." முன்வரிசையில் கறுப்பு உடுத்திய அந்த அம்மாள் பக்கம் திரும்பினான். "கிளெட்டோவை நான் அடிக்கலம்மா. யாரு அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் அடிக்கல."

அந்த அம்மாள் அவனையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியாது. அரசு வக்கீல் எழுந்து நின்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்து, ஒப்புதலைப் பதிவு செய்யவில்லை, வழக்கு விசாரணைக்குப் போகும் என்றார். பதினைந்து வருடம் மேசையிலிருந்து எழுந்து போய்விட்டது. அந்த இடத்தில் முப்பது வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்வீரா என் தோளை விட்டாள்.

ஒஃபீலியா பையைத் திறந்து, காலையில் எடுத்த மைனஸ் பதினொன்றின் காகிதத்தை எடுத்தார். அதன் மேல் பகுதியில் தன் பெயரையும் முகவரியையும், சாட்சி என்ற சொல்லையும் எழுதினார். எழுதி முடித்ததும் என்னிடம் நீட்டினார்.

"சரியா எழுதியிருக்கேனா பாரு," என்றார்.

நான் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார்.